அடியில் இருக்கும் இரும்பைப் பார்

அன்புத் தம்பிக்கு,

ஹைப்பர்வைசர் சர்வர்களின் பொறுப்பு இந்த மாதம் உன் கைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். விற்க வருகிறவர்கள் படம் போட்டுக் காட்டியதையெல்லாம் நீ பார்த்திருப்பாய். ராத்திரி 2 மணிக்குத் தனியாகத் திரை முன்னால் உட்காரும்போது தேவைப்படுகிற சில விஷயங்கள் அதில் இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு விஎம்மும், அதாவது மெய்நிகர் கணினியும், தனக்கென்று 4 சிபியு, 16 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடுகிறது. அதற்குள் வேலை பார்க்கும் டெவலப்பரும் அதையே நம்புகிறார். அவர் நம்பலாம், அந்த நம்பிக்கையைக் கொடுப்பதற்குத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம். அதை நம்பக்கூடாத ஒரே ஆள் நீ. அடியில் எத்தனை கோர், எவ்வளவு ராம், எந்த ஸ்டோரேஜில் எவ்வளவு மிச்சம் என்பது உனக்கு எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

டேட்டாபேஸ் குழுவிடமிருந்து சீக்கிரமே ஒரு டிக்கெட் வரும்: 'மெதுவாக இருக்கிறது, 8 சிபியுவை 16 ஆக்கிக் கொடுங்கள்.' உடனே கொடுத்துவிடாதே. முதலில் சிபியு ரெடி டைமைப் பார். விஎம் வேலை செய்யத் தயாராக நிற்கிறது, உண்மையான கோர் கிடைக்காமல் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பின் கணக்குதான் அது. விஎம்வேர் நிறுவனத்தின் விஸ்பியரில் உள்ள ரியல்டைம் வரைபடத்தில் இது மில்லிசெகண்டில் வரும், ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிக்கானது. ஆகவே 2,000 என்று காட்டினால் 20,000-இல் 2,000, அதாவது 10 சதவீதம். அந்த எண் விஎம் முழுவதற்குமான கூட்டுத்தொகை என்றால் விசிபியு எண்ணிக்கையால் வகுத்துக்கொள். விசிபியு ஒன்றுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினாலே நான் கவனிக்க ஆரம்பித்துவிடுவேன். கேவிஎம்மில் ஓடும் லினக்ஸ் விஎம் என்றால், உள்ளே டாப் கட்டளையைப் போட்டுப் பார். 'எஸ்டி' என்று கடைசியில் வரும் எண் ஏறக்குறைய இதையே சொல்லும்.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஹோஸ்டில் 12 கோர் உள்ள பிராசஸர்கள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள். 8 விசிபியு விஎம் ஒரே பிராசஸருக்குள், அதனோடு நேரடியாக இணைந்த ராமோடு அடங்கிவிடும். 16 கொடுத்தால் இரண்டின் மேலும் பரவும். எதிர்ப்பக்கத்து ராமைத் தொடும்போதெல்லாம் தாமதம் கூடும். ஹோஸ்டில் கூட்டம் இருந்தால், அத்தனை கோர்களுக்காகக் காத்திருப்பதும் கூடும். அதிகம் கேட்டவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தபின் வேகம் கூடியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதை அவர்களோடு சண்டையாக்காதே. பக்கத்தில் உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டு. அடுத்த தடவை டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவர்களே வந்து கேட்பார்கள்.

அடுத்தது ஸ்னாப்ஷாட். நம் வேலையில் அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான் என்பது என் எண்ணம். பேட்ச் போடுவதற்கு முன் எடுப்பது நல்ல பழக்கம். எடுத்துவிட்டு மறப்பதில்தான் ஆபத்து. விஎம்வேரில், எடுத்த கணத்திலிருந்து மூல டிஸ்க் கோப்பில் எதுவும் எழுதப்படாது. புதிதாக எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் உருவாகும் டெல்டா கோப்பில் போய்ச் சேரும். அந்த டெல்டா, மூல டிஸ்க் அளவுக்கே வளரக்கூடியது. மூலக் கோப்பு கெட்டுப்போனால் டெல்டாவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று யாராவது சொன்னால், அவர் மேலதிகாரியாக இருந்தாலும், மரியாதையோடு திருத்த வேண்டும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேர் நிறுவனமே தரும் அறிவுரை. நாள்பட்டதை நீக்கும்போது, சேர்ந்த டெல்டா முழுவதும் மூலத்தோடு ஒன்றுசேர வேண்டும். ஸ்டோரேஜ் திணறும், விஎம் சில விநாடிகள் உறைந்து நிற்கலாம். பகல் நேரத்தில் அதைத் தொடாதே. பேக்கப் மென்பொருள்களும் தாமாக ஸ்னாப்ஷாட் எடுத்துப் பின் நீக்குகின்றன; நடுவில் தடங்கல் வந்தால் அது அப்படியே தங்கிவிடும். வாரம் ஒருமுறை முழுப் பட்டியலையும் எடுத்துப் பார்.

தின் டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 டிபி இருக்கும் இடத்தில் 5 டிபிக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள். நிரம்பும் நாளில் எழுத முயலும் விஎம்கள் எல்லாம் ஒன்றாக நிற்கும். 80 சதவீதத்தில் அலாரம் வை.

முழு மின்வெட்டுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் நிதானமாக யோசித்துப் பார். டிஎன்எஸ் சர்வர் ஒரு விஎம். அது இருப்பது ஸ்டோரேஜில். ஸ்டோரேஜை ஹோஸ்ட் பெயர் சொல்லித் தேடுகிறது. அந்தப் பெயருக்கு முகவரி சொல்ல வேண்டியது, இன்னும் எழுந்திருக்காத அந்த டிஎன்எஸ் சர்வர். இந்த முடிச்சு பல நிறுவனங்களில் ஜெனரேட்டரும் கைவிட்ட அன்றுதான் வெளியே தெரிகிறது. ஹோஸ்டுகளின் ஐபி, ஸ்டோரேஜின் ஐபி, எது முதலில் எது பிறகு என்ற வரிசை, எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து ரேக்கின் கதவில் ஒட்டிவை. பாஸ்வேர்டுகளை மட்டும் வேறு இடத்தில் பூட்டிவை.

பிராக்ஸ்மாக்ஸில் இரண்டே ஹோஸ்டுகளை வைத்து கிளஸ்டர் போடச் சொல்வார்கள், பட்ஜெட் அவ்வளவுதான் என்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு இருக்காது. நன்றாக இருக்கும் அந்த ஹோஸ்டிலும் நிறுத்திய விஎம்மை மறுபடி துவக்க முடியாமல் திகைப்பாய். மூன்றாவது வாக்குக்கு க்யூடிவைஸ் போதும். ஒரு ராஸ்பெரி பைகூட அந்த வேலையைச் செய்யும். அதை முதல் நாளே வாங்க வை.

இதில் எதையும் நான் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. முன்னால் அடிபட்டவர்கள் எழுதிவைத்தார்கள், சந்திப்புகளில் எழுந்து நின்று சொன்னார்கள். இந்தத் தொழிலை நான் நேசிப்பதற்கு அவர்கள்தான் காரணம். அவர்களைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மெய்நிகர் கணினி 1960-களிலேயே பிறந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் சிபி-40, பிறகு சிபி-67 உருவாயின. 1972-இல் விஎம்/370 வெளிவந்தது. அதை மூலநிரலோடு கொடுத்தார்கள். பயனர்கள் திருத்தினார்கள், திருத்தியதைக் காந்த நாடாவில் ஏற்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1955-இல் தொடங்கிய ஷேர் என்ற பயனர் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். 1983-இல் ஐபிஎம் இனி மூலநிரல் தரப்போவதில்லை என்று அறிவித்தபோது, அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மெலிண்டா வேரியன் இந்த வரலாறு முழுவதையும் எழுதிவைத்திருக்கிறார். தேடிப் படி. நம் வேலைக்கு எவ்வளவு பெரிய குடும்பம் இருக்கிறது என்று அதில்தான் எனக்குப் புரிந்தது. 2007-இல் லினக்ஸ் கர்னலுக்குள் கேவிஎம் வந்தபோதும், ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஇஎம்யு எமுலேட்டர் ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்து கிடந்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் பயன்பாட்டுக்கு வந்தது.

அண்மைக்கால உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர் ஓடிய 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்களை உலகம் முழுக்கத் தாக்கியது. குறி வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. பேட்ச் போடாமல் இணையத்துக்குத் திறந்துகிடந்த ஹோஸ்டுகள் மாட்டிக்கொண்டன. இஎஸ்எக்ஸ்ஐயில் டிஸ்க் என்பது இரண்டு கோப்புகள். சில வரிகளே உள்ள விவரக் கோப்பு ஒன்று. உண்மையான தரவெல்லாம் இருக்கும் பெரிய 'ஃப்ளாட்' கோப்பு இன்னொன்று. துருக்கியைச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள், பல இடங்களில் சின்னக் கோப்புதான் பூட்டப்பட்டிருக்கிறது, ஃப்ளாட் கோப்பு தப்பியிருக்கிறது என்று கவனித்தார்கள். விவரக் கோப்பை மறுபடி எழுதி விஎம்மை எழுப்பும் வழியைப் படிப்படியாக எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சீசா அதை அடிப்படையாக வைத்து ஸ்கிரிப்டே தயாரித்துக் கொடுத்தது. சில நாட்களுக்குள் பெரிய கோப்பையும் அதிகமாகப் பூட்டும் புதிய வடிவம் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் மீட்கப்பட்ட தரவுகள், டிஸ்க் கோப்பின் உள்ளமைப்பு தெரிந்த இரண்டு பேர் அதைப் பூட்டிவைக்காமல் சொன்னதால் மீண்டவை.

நீயும் அந்த வரிசையில்தான் வந்து நிற்கிறாய். எங்காவது மாட்டிக்கொண்டு மூத்தவர்களிடம் கேட்கும்போது, பதிப்பு எண், லாகில் வந்த வரி, பிரச்சினைக்கு முன் கடைசியாக மாற்றியது என்ன, இதுவரை என்னென்ன செய்து பார்த்தாய் என்பதையெல்லாம் சேர்த்துச் சொல். பதில் சொல்கிறவர் தன் தூக்கத்தைக் கொடுத்துச் சொல்கிறார். விடை கிடைத்ததும் எது வேலை செய்தது என்று திரும்ப வந்து எழுது. அதை எழுதாமல் போகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அடுத்த ஆள் அதே கேள்வியோடு வந்து, பாதியில் நின்ற பேச்சைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவான். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ முதல் சர்வரைத் தொடும் பிள்ளைக்கு, அவசர நேரத்தில் தன் மொழியில் நாலு வரி கிடைப்பது பெரிய துணை.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய். பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை, நெட்வொர்க் துண்டித்த நிலையில், வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து பூட் செய்து பார். டேட்டாபேஸ் உள்ள விஎம்மாக எடு. உள்ளே போய் டேட்டாபேஸ் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்தால்தான் சோதனை முடிந்ததாக அர்த்தம். எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே தடுக்கியது என்று எனக்கு எழுது. நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்