வரைபுகளை வாசிக்கும் முறை
நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

கமநல சேவை நிலையங்களின் சுவர்களிலும், பயிர்ச்செய்கைக் கூட்டங்களிலும், இக்காலத்திற் கைத்தொலைபேசியிலும் விளைவையும் விலையையும் காட்டும் வரைபுகள் கமக்காரர் கண்முன் வந்தவண்ணம் இருக்கின்றன. எதனை எவ்வளவு பரப்பில் நடுவது, எவ்வளவு கடன் பெறுவது என்பவற்றைப் பலர் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கின்றனர். வரைபிலுள்ள எண் சரியாயிருந்தும் அதிலிருந்து நாம் கொள்ளும் கருத்துத் தவறாகலாம். இது நிகழும் விதத்தை நம் நாட்டு நெற்கணக்கைக் கொண்டே காண்போம்.

ஆண்டும் போகமும்

இலங்கையின் மொத்த நெல்விளைவு 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 51.2 இலட்சம் மெற்றிக் தொன், 2021இல் 51.5 இலட்சம், 2022இல் 33.9 இலட்சம். அசேதனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதென்பதை யாவரும் அறிவர். இம்மூன்று தூண்களை மாத்திரம் பார்ப்பவர் யாது கூறுவார்? தடை இருந்த ஆண்டில் விளைவு குறையவில்லை, சற்றுக் கூடியுமுள்ளது. தடை நீங்கிய பின்னரே வீழ்ந்தது என்பார். அவர் பொய் கூறவில்லை. தூண்கள் அப்படித்தான் நிற்கின்றன.

வயலில் நடந்ததோ வேறு. 2021 என்ற தூணில் அடங்குவன 2020/21 காலபோகமும் 2021 சிறுபோகமுமாம். அக்காலபோகத்து நெல் தடைக்கு முன்னரே பசளையிட்டு விளைந்து, அறுவடையும் முடிந்துவிட்டது. சிறுபோகத்திற்கு, முன்பே நாட்டிற்குள் வந்திருந்த பசளை ஓரளவு கிட்டியது. தடையின் முழுத் தாக்கத்தையும் ஏற்ற பயிர் 2021 இறுதியில் விதைக்கப்பட்ட காலபோகப் பயிரேயாகும். அது அறுவடையானது 2022இல்; ஆகவே கணக்கிலும் 2022 தூணிலேயே ஏறிற்று. போகத்தோடு போகத்தை ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும்: 2020/21 காலபோகம் 30.6 இலட்சம் தொன், 2021/22 காலபோகம் 19.3 இலட்சம் தொன். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வீழ்ச்சி இது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதை வரைபு காட்டும். ஏன் குறைந்தது என்பதைக் காட்டாது. 2022 சிறுபோகத்தின்போது உழவு இயந்திரத்திற்கு டீசல் பெறுவதே பெரும்பாடாயிருந்தது. அவ்வாண்டு முழுவதன் குறைவையும் பசளையொன்றின் மேலேயே சுமத்துவது, முன்னையதைப் போன்றதொரு பிழையேயாம்.

அடிக்கோடும் அளவும்

தூண் எந்த எண்ணிலிருந்து எழும்புகிறதென்பதை முதலில் நோக்குக. ஓரினம் ஏக்கருக்கு 80 புசலும் மற்றோரினம் 84 புசலும் தருவதாகக் கொள்வோம். அடிக்கோடு 78இல் தொடங்கினால் இரண்டாம் தூண் முதலாவதைப்போல் மூன்று மடங்கு உயர்ந்து தோன்றும். உண்மையான வேறுபாடு நூற்றுக்கு ஐந்துதான். விதை விற்போரின் துண்டுப்பிரசுரங்களில் இதனை அடிக்கடி காணலாம். வேண்டுமென்றே செய்யப்படாத இடங்களும் உண்டு. கடதாசியில் இடம் போதாமையால் வெட்டியிருப்பர். எப்படியாயினும் கண்ணுக்கு விளைவது ஒன்றே.

ஹெக்டேயருக்குக் கிலோகிராம் என எழுதப்பட்டிருந்தால் மாற்றிப் பாருங்கள். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், நெல் ஒரு புசல் 20.86 கிலோ. எனவே ஹெக்டேயருக்கு 4000 கிலோ என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 78 புசல். தேறிய பரப்பிற்குரிய விளைவென்றால் வரம்பும் வாய்க்காலும் கழிக்கப்பட்டிருக்கும். வரம்பையும் சேர்த்து ஏக்கர் எண்ணும் நாம், அக்கணக்கோடு நம் வயலை ஒப்பிட்டு வீணே மனம் சோரலாகாது.

விலை வரைபுகள்

பணவீக்கக் கோடு கீழே இறங்கினால் பொருள்கள் மலிந்துவிட்டன என்று எண்ணுவோர் பலர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 2023 செப்டெம்பரில் அவ்வுயர்வு 1.3 சதவீதமே. அஃதாவது, 100 ரூபாவிற்கு வாங்கிய பொருட்கள் 170 ரூபாவாகிப் பின்னர் 172 ரூபாவாயின. கோடு செங்குத்தாக வீழ்ந்தது. விலையோ இன்னும் இரண்டு ரூபா ஏறியது. ஆதலால் உங்கள் நெல்லின் விலைக் கோட்டை, அதே ஆண்டுகளுக்குரிய பசளை, டீசல், கூலி விலைகளோடு சேர்த்தே பாருங்கள்.

மரக்கறியில் இடர் இதனினும் பெரிது. 2024 சனவரியில் ஒரு கிலோ கரட்டின் சில்லறை விலை சிலவிடங்களில் 2000 ரூபாவையும் தாண்டிற்று. வரைபில் அது மலையுச்சிபோல் தோன்றும். அவ்வுச்சி எழுந்ததே மழையினால் மலைநாட்டுப் பயிர் அழிந்து, விற்பதற்குக் கரட் இல்லாமற் போனமையால்தான். தோட்டத்திற் பயிரை இழந்தவனுக்கு அவ்விலையால் ஆனதென்ன? மேலும் அது நகரத்துக் கடை விலை. தோட்டத்து வாசலிற் கிடைத்த விலையன்று. உச்சியைக் கண்டு அன்றே விதைப்பவருக்குக் கரட் கிழங்கு முற்ற மூன்று மாதமளவு செல்லும். அதே வரைபைக் கண்ட மற்றவர்களும் அதே கிழமையில் விதைத்திருப்பர். ஒரு மாதத்து விலையை விட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் நீங்கள் அறுவடை செய்யும் அதே மாதத்தின் விலைகளைப் போதனாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தைக்கு வந்த மூடைகளின் தொகை கிடைக்குமாயின் அதனையும் பக்கத்திற் குறித்துவையுங்கள்.