பெட்டியோடு வரும் பூச்சி: செலவை யார் ஏற்பது?

வன்னியிலும் குடாநாட்டிலும் தோட்டம் செய்தவர்களுக்குப் பார்த்தீனியத்தை நாம் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கரட் இலை போன்ற இலையும் பொட்டுப் பொட்டான வெள்ளைப் பூவும் கொண்ட பூண்டு அது. பல ஆண்டுகள் பயிரிடாமல் கிடந்த காணிகளுக்கு உரியவர்கள் திரும்பிச் சென்றபோது, பல இடங்களில் அவர்களுக்கு முன்னரே அது குடியேறியிருந்தது. வெறுங்கையால் பிடுங்கியவர்களுக்குத் தோல் சொறிந்தது. சிலருக்கு மூச்சு இழுத்தது. இந்நாட்டில் அது முதலில் இனங்காணப்பட்டது 1999இல், வவுனியாவில். இந்தியப் படையினர் இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பாரும், வெளியிலிருந்து வந்த விதையோடு வந்தது என்பாரும் உளர். எவ்வழியாக வந்ததாயினும், கொண்டுவந்தவர் எவரும் அதற்காக ஒரு சதமும் கட்டவில்லை. குனிந்து பிடுங்கியவரே தமது உழைப்பாலும் உடம்பாலும் கட்டினார்.

இதே பூண்டு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும் உண்டு. அங்கே அது 1955இல் முதலில் பதிவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்திறங்கிய விமான, இயந்திரப் பாகங்களில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பின்னர் 1960ஐ அண்டி, அமெரிக்காவின் டெக்சாசிலிருந்து வந்த புல்விதையோடு இரண்டாம் முறையும் வந்து மேய்ச்சல் நிலங்களைப் பிடித்தது. போரும் விதைமூட்டையும் அங்கும் இங்கும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

இப்படிப் பலமுறை அடிபட்டதனால் அவுஸ்திரேலியா தன் துறைமுகங்களில் மிகக் கண்டிப்பான காவலை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பூச்சி, நோய், களை என்பன உள்ளே வராமல் காக்கும் இந்த ஏற்பாட்டை உயிரியல் பாதுகாப்பு என்பர். காவல் வேண்டும் என்பதில் அங்கு எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் காவற்காரரின் சம்பளத்தை யாரிடம் அறவிடுவது என்று வந்தபோதுதான் சண்டை தொடங்கியது. அந்தச் சண்டையை நாம் சற்று விரிவாகப் படிப்பது நல்லது.

முதலில் விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். கிழக்காசியாவைச் சேர்ந்த நாற்றப்பூச்சி ஒன்று உண்டு. அது 1990களில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2010இல் அந்நாட்டின் கிழக்குப் பகுதி அப்பிள் தோட்டக்காரருக்கு ஏறக்குறைய 3 கோடி 70 இலட்சம் டொலர் நட்டத்தை உண்டாக்கியது. குளிர்காலம் வந்தால் இப்பூச்சி இடுக்குத் தேடி ஒளியும். காரின் கதவு இடுக்கு, இயந்திரத்தின் குழாய், ஓட்டுக்கல் அடுக்கு, எதுவும் அதற்குப் போதும். ஆகவே பூச்சி உள்ள நாடுகளிலிருந்து செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை அனுப்பப்படும் இயந்திரம், வாகனம் போன்றவற்றை வெப்பமூட்டியோ புகையூட்டியோதான் அவுஸ்திரேலியா ஏற்றுக்கொள்கிறது. வெப்பமூட்டும் முறைகளில் ஒன்று, 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பது. நியூசிலாந்தும் இவ்விடயத்தில் இளைத்ததல்ல. 2018 பெப்ரவரியில் யப்பானிலிருந்து கார்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் இந்தப் பூச்சி காணப்பட்டதும், காரை இறக்க விடாமலே அவற்றைத் திருப்பி அனுப்பியது. கப்பல் ஒரு நாள் சும்மா நின்றாலே கம்பனிக்குப் பெருஞ்செலவு. அப்படியானால் முழுச் சரக்கோடு திரும்புவது எப்படிப்பட்டது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தானியத்துக்குத் தானியப் பூச்சி வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் 2020இல் அவுஸ்திரேலியாவில் கப்ரா வண்டு பிடிபட்டது, இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டிகளைச் சுற்றியிருந்த பொதியில். இவ்வண்டின் புழு உணவின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கக் கூடியது. இன்று குளிர்சாதனப் பெட்டி வரும் கொள்கலனில் நேற்று அரிசி போயிருக்கலாம். அன்று தரையின் வெடிப்பில் தங்கியது இன்று புதிய சரக்கோடு இறங்கும். எனவே, "நான் தானியம் கொண்டுவரவில்லை, என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?" என்று ஒரு வியாபாரி கேட்டால், அது முழு நியாயமான கேள்வியாகாது.

இனிச் சண்டைக்கு வருவோம். 2017இல் அந்நாட்டில் நடந்த ஒரு மீளாய்வு, 20 அடிக் கொள்கலன் ஒன்றுக்கு 10 டொலர் அறவிடலாம் என்று சிபாரிசு செய்தது. அரசாங்கம் 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அதை ஏற்று, கொள்கலனில் வராத மொத்தச் சரக்குக்கும் தொன்னுக்கு 1 டொலர் என்று சேர்த்து, மூன்று ஆண்டுகளில் 32 கோடி 50 இலட்சம் டொலர் திரட்ட எண்ணியது. இங்கே நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொள்கலன் ஒன்றில் 20 தொன் சரக்கு இருந்தால், தொன்னுக்கு 50 சதம்தான் விழும். சீமெந்தோ பசளையோ 30,000 தொன் கொண்டுவரும் ஒரு கப்பலுக்கு 30,000 டொலர் விழும். மூலைமுடுக்கு நிறைந்த கொள்கலனைவிடச் சீமெந்துக் கப்பல் அதிக ஆபத்தானதா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி சரியானதே. பணம் முழுவதும் எல்லைக் காவலுக்குப் போகாமல் பொதுத் திறைசேரிக்குள் கரைந்துவிடும் என்றும் முறையிட்டார்கள். கமக்காரர் சங்கங்கள் அறவீட்டை ஆதரித்தன. கப்பல், இறக்குமதித் துறையினர் எதிர்த்தனர். 2019 யூலையில் தொடங்கவிருந்தது தள்ளிப் போய், 2020 மே மாதத்தில், கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது.

மூன்று ஆண்டு கழித்து வேறோர் அரசாங்கம் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. 2023 மே மாத வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதியாளரின் கட்டணங்களை உயர்த்தியதோடு, உள்நாட்டு உற்பத்தியாளரும் பங்கு கொடுக்க வேண்டும் என்றது. முதல் வடிவத்தின்படி, ஆராய்ச்சி முதலியவற்றுக்காகக் கமக்காரர் ஏற்கெனவே கட்டும் அறவீட்டில் நூற்றுக்குப் பத்தளவு புதிதாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி டொலர் எதிர்பார்ப்பு. கமக்காரர் கொதித்தெழுந்தார்கள். ஆபத்தைக் கொண்டுவருபவர் வேறொருவர், அந்நாட்டுப் பூச்சிக்குப் பண்ணையில் இருப்பவனிடம் ஏன் தண்டம் என்பது அவர்கள் வாதம். காவலால் முதற்பயன் பெறுபவர் கமக்காரரே என்பது அரசின் வாதம். சட்டமூலம் 2024இல் கீழவையைத் தாண்டியது. மேலவையில் ஆதரவு கிடைக்காமல், சட்டமாகாமலே போயிற்று.

இரு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. எனினும் நமது மனம் கமக்காரர் பக்கமே சாய்கிறது. பூச்சி வந்துவிட்டால் முதலில் இழப்பவர் அவர். அந்த இழப்பே அவர் கட்டும் வரி. அதற்குமேல் இன்னொன்று கேட்பது அடுக்காது. ஆயினும் இறக்குமதியாளரிடம் அறவிட்டால் தீர்ந்தது என்றும் நாம் ஏமாறக் கூடாது. பசளைக்குத் தொன்னுக்கு 1 டொலர் போட்டால், அது பசளை மூட்டையின் விலையில் ஏறி, அதே கமக்காரரிடமே திரும்பி வரும். சிறு தொகைதான், ஆனால் போகும் வழியை அறிந்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு முறையும் அறவீட்டை நிறுத்தியவர்கள் அமைப்பாகத் திரண்டிருந்தவர்கள். வவுனியாவில் பார்த்தீனியம் இனங்காணப்பட்டபோது, அதற்குரியவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்காகக் கணக்குக் கேட்க எவரும் இருக்கவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் உண்டு. ஆனால் இத்தகைய விதிகள் பூச்சிக்காக மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸை இலங்கை தடை செய்ய முனைந்திருந்த வேளை அது. கொழும்பு அந்தத் தடையைத் தள்ளிப் போட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண் அந்த இரண்டு வாரமும் எதற்காகப் பயந்திருக்க வேண்டும்?

துறைமுகம் நமது கைக்கு எட்டாது. வயல் வரம்பு எட்டும். குயின்ஸ்லாந்தில் பார்த்தீனியம் உள்ள பகுதிகளில், வாகனங்களையும் அறுவடை இயந்திரங்களையும் கழுவுவதற்கென்றே பொதுவிடங்கள் அமைத்திருக்கிறார்கள். நம் ஊர்களிலோ நெல் வெட்டும் மெசின் ஒரு மாவட்டத்தில் வெட்டிவிட்டு, சேறும் பதருமாக அடுத்த மாவட்டத்துக்குள் நுழைகிறது. உழவு இயந்திரத்தின் சில்லும் அப்படியே. ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை சொரியும். சில்லில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும்.

ஆகவே அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மெசின் ஊருக்குள் வருமுன் எந்த இடத்தில் கழுவுவது, தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வரும், கழுவும் நேரத்துக்கான கூலியை மெசின்காரர் ஏற்பாரா அல்லது ஏக்கருக்கு இவ்வளவு என்று வெட்டுக்கூலியில் ஏற்றிவிடுவாரா என்பவற்றை அவரை முன்னால் வைத்துக்கொண்டே கேளுங்கள். கழுவாமல் வந்து நின்றால் என்ன செய்வது என்பதையும் அறுவடைக்கு முன்னரே தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள். நெல் முற்றி மழையும் இருட்டிக்கொண்டு வரும் நாளில், எந்த மெசினையும் திருப்பி அனுப்ப எவருக்கும் மனம் வராது.