விதை நெல் உலர்த்தியின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சரிபார்த்தல்

விதை நெல் உயிருள்ள பொருளாகும். அதனைச் சூட்டுக் காற்றில் உலர்த்தும்போது காற்றின் வெப்பநிலை 43 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. மேற்படின் முளைதிறன் குறையும். ஆயினும் நெல்லின் தோற்றம் மாறாதிருக்கக் கூடும். நாற்றுமேடையில் முளை குன்றிய பின்னரே கமக்காரர் நட்டத்தை அறிவர். கையை நீட்டிச் சூட்டை மதிப்பிடுவோரும் உளர். 43 பாகைக்கும் 47 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கை அறியாது.

கட்டுப்பாட்டுக் கருவி தானாக வெப்பத்தை அறிவதில்லை. காற்றுக் குழாயினுள் உள்ள உணரியின் சிறு மின்னழுத்தத்தையோ தடையையோ அது வெப்பநிலையாகக் கணித்துக் காட்டுகின்றது. கே வகை வெப்பவிணை, ஜே வகை வெப்பவிணை, 0 பாகையில் 100 ஓம் தடையுடைய பிளாற்றின உணரி என்பன பெரிதும் வழங்குவன. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. பொருத்தப்பட்ட உணரி எவ்வகையோ அவ்வகையே கருவியின் உள்ளீட்டு அமைப்பிலும் இருத்தல் வேண்டும். பழுதான உணரியை மாற்றுவோர் இதனை மறத்தல் கூடும்.

கே வகை உணரியைப் பூட்டி, கருவியை ஜே வகையில் விட்டதாகக் கொள்வோம். கருவி உள்ள இடத்தின் வெப்பநிலை 30 பாகையாயின், கருவி 43 எனக் காட்டும்போது காற்று ஏறக்குறைய 46.5 பாகையாக இருக்கும். உலர்த்தி ஆறியிருக்கும்போதோ கருவி 30 என்றே சரியாகக் காட்டும். இப்பிழை சூடேறச் சூடேறவே வளர்வதால், காலையில் எண்ணைப் பார்த்துத் திருப்தியடைதல் போதாது.

ஆகவே சூட்டிலேயே சோதித்தல் வேண்டும். முதலில் வெப்பமாக்கிக்குச் செல்லும் மின்னைத் துண்டிக்க. உலோக உறையுடைய உணரியின் நுனியைக் கொதிநீரில் அமிழ்த்துக. சமவெளியில் ஏறத்தாழ 100 எனக் காட்டுதல் வேண்டும். நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் நீர் இதனிற் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மேற்கூறிய பிழை இருப்பின் 84 அல்லது 85 எனவே காட்டும். அப்போது உள்ளீட்டு வகையை மாற்றுக.

வகை சரியாயிருந்தும் ஓரிரு பாகை வேறுபடின், 43 பாகை அளவிலுள்ள வெந்நீரில் நல்ல கண்ணாடி வெப்பமானியுடன் ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டைத் திருத்த அமைப்பிற் பதிக. திருத்தம் எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவையே கூட்டும் அல்லது கழிக்கும். வகைப் பிழையை இதனால் மறைக்க முயலலாகாது. இரவில் கருவி குளிரும்போது அப்பிழை மேலும் பெரிதாகும்.

பிளாற்றின உணரியை இரு கம்பிகளால் நெடுந்தூரம் இணைப்பின், கம்பித் தடையில் ஒவ்வொரு 0.39 ஓமுக்கும் கருவி ஏறக்குறைய 1 பாகை கூட்டிக் காட்டும். காற்றுச் சூடு குறைந்து நெல் ஈரமாகவே நிற்கும். மூன்று கம்பி இணைப்பு இதனைத் தவிர்க்கும்.

வெப்பவிணையின் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டுதல் யாவற்றினும் ஆபத்தானது. சூடு ஏறுந்தோறும் எண் இறங்கும். வெப்பமாக்கி நில்லாது எரியும். எண் இறங்கக் கண்டவுடன் மின்னை நிறுத்தி, நெல்லை வெளியேற்றுக.