தாலி கட்டிய பிறகு ஓர் ஒப்பந்தம்

போன மாசம் எங்க வீட்டில் ஒரு சண்டை. (அக்கா, அத்தான் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) அத்தான் வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் போகிறார். முதலில் பாதி அக்காவின் சேமிப்பு. "சரி, ஆனா எழுதிக்கலாம்" என்றார் அக்கா. அம்மா உடனே, "தாலி கட்டினவர்கிட்ட கையெழுத்தா? பிரியறதுக்கு இப்பவே பேப்பர் ரெடி பண்றியா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் பொறியியல் மாணவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் தேடிப் படித்தேன்.

அக்கா கேட்டதற்குப் பெயர் திருமணத்துக்குப் பிந்திய ஒப்பந்தம். எது யாருடைய சொத்து, பிரிய நேர்ந்தால் எப்படிப் பங்கிடுவது என்று கணவனும் மனைவியும் கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நமக்குப் பொருந்துவது 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம். அதன் 112ஆம் பிரிவுப்படி, மணவிலக்கின்போது சொத்தை நியாயமாகப் பிரிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. தம்பதியர் எழுதிய ஒப்பந்தம், நீதிபதி கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே.

"அப்புறம் எதுக்கு எழுதணும்?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இலும் 2014இலும் சொன்னதைப் படித்தால் புரியும். கல்யாணத்துக்கு முன் எழுதியதைவிடப் பின் எழுதியதற்குப் பொதுவாக மதிப்பு அதிகம். குடும்பப் பொறுப்பை ஏற்ற பிறகு எழுதுவது அல்லவா? இருவரும் வழக்கறிஞர் ஆலோசனையோடு, வற்புறுத்தல் இல்லாமல் பேசி முடித்த ஒப்பந்தம் என்றால் இன்னும் கனம். அவசரத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்கிய தாள் அப்படி நிற்காது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதில் பிள்ளையின் நலன்தான் முதல், பெற்றோர் எழுதியது அல்ல.

அம்மா போட்ட நகையைப் பற்றியும் பார்த்தேன். ஒருவருக்கு அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ வந்தது பொதுவாகப் பங்கீட்டில் சேராது. குடியிருக்கும் வீடு அப்படி வந்திருந்தாலும் சேரும். பெண்ணின் சொத்தைத் தனியாக எண்ணுவது நமக்குப் புதுசும் இல்லை. மனுஸ்மிருதியே ஆறு வகை ஸ்திரீதனத்தைச் சொல்கிறது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்சம் அமைதியானார். அந்தத் தைரியத்தில், "பாலம் கட்டும்போது சுமையைக் கணக்குப் பண்றோம், அது விழணும்னா?" என்று கேட்டேன். "பாலமும் புருஷனும் ஒண்ணா?" என்றார்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. இந்த ஒப்பந்தம் கணவன் மனைவிக்கு இடையில் மட்டும்தான். தொழில் கடனுக்கு அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டால், "கடன் முழுக்க அத்தானுடையது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் வங்கி அக்காவிடம் கேட்கலாம். அக்காவுக்கு இது தெரியாது. ஜாமீன் தாள் ஏற்கனவே மேசையில் இருந்தது, நல்லவேளை கையெழுத்தாகவில்லை.

இப்போது இருவரும் தனித்தனி வழக்கறிஞரைப் பார்க்கிறார்கள். இரு தரப்பும் சொத்து, கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் பட்டியல் போட வேண்டும். அத்தானின் பட்டியலில் அக்காவுக்குத் தெரியாத ஒரு கிரெடிட் கார்டு கடன் இருந்தது. அவர்களுடைய வீவக வீடு இன்னும் கட்டி முடியாததால் எங்களோடுதான் இருக்கிறார்கள். அன்று இரவு இரண்டு மணி வரை அவர்கள் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. காலையில் அந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். தொழில் ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கிறது.