எதை அலகாகக் கொண்டு எண்ணுவது? - பல்கலைக்கழக ஆசிரியர் நியமனமும் இட ஒதுக்கீடும்

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவருள் பொன்முடி மலையைக் காணாதவர் மிகச் சிலரே. நெடுமங்காடு கடந்து, விதுரா கடந்து, கல்லாற்றங்கரையில் சற்றே இளைப்பாறி, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே சேர்கிறோம். அவ்வழியில், விதுராவை அடுத்த மலையடிவாரத்தில், 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 'இங்கே சேர்ந்து படிக்க முடியுமா?' என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். 'இங்கே கற்பிப்போர் யார்? அவர்களை எம்முறையில் தெரிந்தெடுக்கின்றனர்?' என்று எண்ணியவர் எத்தனை பேர்? அவ்வினாவையே இங்கு ஆராய்வோம்.

பழைய வழக்கு

இவ்வழக்கு இந்நகருக்குப் புதிதன்று. 1891இல் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னரிடம் அளித்தனர். அரசின் உயர் பதவிகள் வெளியிலிருந்து வந்தோர்க்கே போகின்றன, மண்ணின் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்தம் முறையீடு. அவ்வாறு பதவி பெற்றோருள் பெரும்பாலோர் தமிழ் அந்தணர். ஆதலின் இவ்வரலாற்றில் நாம் வெறும் பார்வையாளர் அல்லோம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்தாண்டு கழித்து, 1896இல், 13,176 ஈழவர் கையொப்பமிட்ட மற்றொரு விண்ணப்பம் வந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் டாக்டர் பல்பு. சென்னையில் மருத்துவம் பயின்று தேறிய அவருக்குத் தாய்நாட்டில் வேலை மறுக்கப்பட்டது. மைசூர் அரசே அவரை ஏற்றது.

ஆசிரியர் பதவியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியத் தேர்வில் முதல் வகுப்பில் முதலிடம் பெற்றார். விரிவுரையாளர் பதவியை எதிர்பார்த்த அவருக்கு எழுத்தர் வேலையே தர முன்வந்தனர் என்றும், அதனால் அவர் பட்டச் சான்றிதழைப் பெற மறுத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் அவர் இலண்டன் சென்று பயின்றார், வெளிநாட்டுத் தூதரானார், 1997இல் குடியரசுத் தலைவரானார். ஆனால் அவர் முதலிடம் பெற்ற பல்கலைக்கழகத்தின் வகுப்பறை, ஓர் ஆசிரியரை இழந்தது இழந்ததுதான்.

'தகுதி ஒன்றே போதும்' என்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே தகுதிக்கு என்ன குறை? குறை, கதவைத் திறக்கும் கையில் இருந்தது. அக்கையின் விருப்பத்துக்கு விடாமல், இத்தனை இடம் இன்னார்க்கு என்று எண்ணால் வரையறுத்ததே இட ஒதுக்கீடு.

கணக்கைக் கற்போம்

மத்திய அரசு நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு, பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடு என்பது விதி. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கு 10 விழுக்காடு சேர்ந்தது. எளிமை கருதி அதனை இங்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

விழுக்காட்டை இடமாக மாற்றுவது எப்படி? 27 விழுக்காட்டை நான்கால் பெருக்கினால் 108 வரும்; அதாவது நான்காவது இடத்தில்தான் ஒரு முழு இடம் சேர்கிறது. ஆகவே 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டோர்க்கு. அவ்வாறே 7ஆவது இடம் பட்டியல் சாதியினர்க்கு, 14ஆவது இடம் பழங்குடியினர்க்கு. இதனை இனச்சுழற்சி முறை என்பர்.

இப்பொழுது, பத்துத் துறைகளும் துறைக்கு மூன்று ஆசிரியர் இடங்களுமாக 30 இடங்கள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தைக் கற்பனை செய்வோம். 30 இடங்களையும் ஒரே வரிசையாக எண்ணினால் 8, 4, 2 என மொத்தம் 14 இடங்கள் ஒதுக்கப்படும். துறைதோறும் தனித்தனியே எண்ணினாலோ, எந்தத் துறையிலும் எண்ணிக்கை மூன்றைத் தாண்டாது. ஒதுக்கீடு ஓரிடமும் இல்லை! ஒருவர் ஓய்வு பெற்று நான்காவது நியமனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பழங்குடி மாணவன் தன் துறையில் 14ஆவது நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது வருவதற்குள் அவன் முதியவனாகிவிடுவான்.

சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விழுக்காடும் குறையவில்லை. எண்ணும் அலகு மட்டும் மாறிற்று, பதினான்கு சுழியாயிற்று.

2019இல் நடந்தது

இது வெறுங் கற்பனை அன்று. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அவ்வாறே ஆணையிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆசிரியரும் மாணவரும் நாடெங்கும் கிளர்ந்தனர். 2019 மார்ச் 7ஆம் நாள் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் அதனை நிலையான சட்டமாக்கியது. அதன்படி மத்தியக் கல்வி நிறுவனம் முழுவதும் ஓர் அலகு.

மறுதரப்பார் கூறுவதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். வேதியியல் ஆசிரியரை வரலாற்றுத் துறைக்கு மாற்ற முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால் ஒரு துறையில் எல்லா இடமும் ஒதுக்கப்பட்டும், மற்றொன்றில் ஓரிடமும் ஒதுக்கப்படாமலும் போகலாம் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆயினும் அதற்கு மருந்து, வரிசையைத் துறைகளிடையே சீராகப் பங்கிடுவதே அன்றி, வரிசையையே துண்டாடிப் பயனற்றதாக்குவது அன்று.

'கற்பித்தலின் தரம் தாழாதோ?' என்பது மற்றொரு வினா. மதிப்பெண் வரம்பில் சிறு தளர்வு உண்டே தவிர, தகுதியே வேண்டா என்னும் விதி எங்கும் இல்லை.

அச்சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு. உயர்சிறப்பும் நாட்டு முதன்மையும் வாய்ந்தவை எனச் சில ஆராய்ச்சி நிறுவனங்களை அதன் அட்டவணை விலக்கி வைக்கிறது. அவற்றுள் ஒன்று இந்நகரிலேயே உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகம். பொன்முடிச் சாலையில் உள்ள அறிவியல் நிறுவனத்துக்குச் சட்டம் உண்டு. நகரில் உள்ள ஆய்வகத்துக்கு இல்லை. சிறப்பு என்றால் ஒதுக்கீடு ஆகாது என்று இவ்விலக்கு சொல்லாமல் சொல்கிறதே, அது முறைதானா? இதனை நம் சங்கத்தின் சொற்போர் மேடைக்கே விட்டுவிடுகிறேன்.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! இவ்வழக்கைப் பேசும்போது பெருஞ் சொற்களையே வீசுகிறோம். ஒருவர் 'தகுதி' என்பார். ஒருவர் 'சமூக நீதி' என்பார். கைதட்டலோடு கூட்டம் கலையும். பதவிகளோ யாரும் படிக்காத அறிவிப்பு ஒன்றின் அடிக்குறிப்பில் முடிவாகிவிடுகின்றன. ஆசிரியர் நியமன அறிவிப்பு அடுத்த முறை வரும்போது, அதனை எடுத்து வைத்து மூன்றை மட்டும் பாருங்கள்: மொத்த இடம் எத்தனை? ஒதுக்கிய இடம் எத்தனை? எதை அலகாகக் கொண்டு எண்ணினர்?

நம்முள் சிலர் நாளை ஆசிரியராவோம். சிலர் தெரிவுக் குழுவிலும் அமர்வோம். 1891இல் நம்மவர் உள்ளே இருந்தனர். வெளியே நின்றோர் குரல் அவர் செவிக்கு எட்டவில்லை. அப்பிழை நம் காலத்தில் நிகழாதிருக்க, இன்றே எண்ணக் கற்போம்.