அலெக்சாந்திரியா: நம் மிளகு போய்ச் சேர்ந்த துறைமுகம்

நம் கடைகளில் மிளகு இல்லாத நாள் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே மிளகு எகிப்தின் அலெக்சாந்திரியா கிடங்குகளில் குவிந்திருந்தது. அந்நகரின் கதை வணிகர்களாகிய நமக்கு ஒரு பாடம்.

கி.மு. 331-இல் மாவீரன் அலெக்சாந்தர் நிறுவிய நகரம் இது. முன்னே மத்தியதரைக் கடல். பின்னே மரியோட்டிஸ் ஏரி. ஏரியிலிருந்து கால்வாய் வழியே நைல் நதியை அடையலாம். கடலிலிருந்த ஃபாரோஸ் தீவைக் கரையோடு இணைத்து நீண்ட பாதை அமைத்தார்கள். அதன் இருபுறமும் இரண்டு துறைமுகங்கள் கிடைத்தன. தீவில் எழுந்த கலங்கரை விளக்கம் பண்டைய உலக அதிசயங்களில் ஒன்று.

சேர நாட்டு முசிறியில் ஏற்றிய சரக்கு, பருவக்காற்றின் துணையால் செங்கடல் துறைகளை அடையும். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து கோப்டோஸ் நகருக்கும், பின் படகில் நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கும் போகும். சுங்கம் நூற்றுக்கு 25! இவ்வளவு தூரம், இத்தனை கைகள். எந்தத் தைரியத்தில் இதற்குக் கடன் கொடுத்தார்கள்?

வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஒரு பாப்பிரஸ் தாள் விடை சொல்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது 1985-இல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைப் பகுதிச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் அதில் உள்ளன.

ஒப்பந்தத்தின் விவரம் இதுதான்: நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் சரக்கை ஒப்படைத்துக் காவலோடு அனுப்ப வேண்டும். கோப்டோஸிலும் அலெக்சாந்திரியாவிலும் கிடங்கில் கடன் கொடுத்தவரின் முத்திரையோடு சரக்கு இருக்க வேண்டும். தவணை தவறினால் அவர் சரக்கை எடுத்து அன்றைய விலைக்கு விற்கலாம். முதலுக்கு மேல் வந்தாலும் குறைந்தாலும் அது கடன் வாங்கியவர் கணக்கு.

1498-இல் வாஸ்கோடகாமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோடு வந்தபின், எகிப்து வழி வாசனைப் பொருள் வணிகத்துக்கு அடி விழுந்தது. கலங்கரை விளக்கமும் 14-ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கங்களால் இடிந்தது. ஆனாலும் அலெக்சாந்திரியா இன்றும் எகிப்தின் முக்கியத் துறைமுகமே.

நம்மிடையே இன்றும் மூட்டை மூட்டையாகச் சரக்கு வாய்ச்சொல்லிலேயே கடனுக்குப் போகிறது. பாக்கி நின்றபின் மனக்கசப்பு வருகிறது. பல ஆண்டு நட்பும் முறிகிறது. தவணை எந்தத் தேதி, ஈடு என்ன, நஷ்டம் யாருடையது என்ற மூன்றையும் சரக்கு இறங்குமுன் எழுதிக்கொள்வோம். எழுதிக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. இரு தரப்புக்கும் அதுவே பாதுகாப்பு.