தொல்லையைத் தடுக்கும் கோர்ட் உத்தரவு: கடைக்காரர் கற்க வேண்டிய பாடம்



வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அடுத்த மாதம் ஈடு செய்து கொள்ளலாம். ஆனால் ஒருவன் நாள்தோறும் கடை வாசலில் நின்று வசைபாடினால், நடுநிசியில் டெலிபோன் செய்து மிரட்டினால், அந்த வேதனையை எழுதப் பேரேட்டில் பக்கம் கிடையாது. அவ்விதம் தொல்லைப்படுவோருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன, அதே சட்டம் நம்மீது திரும்பினால் செய்ய வேண்டியது என்ன என்ற இரண்டையும் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

சட்டம் எது?

தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-ம் ஆண்டு இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 15-ம் தேதி அமுலுக்கு வந்தது. மிரட்டல், நிந்தனை, விடாமல் பின்தொடர்ந்து திரிதல் முதலியவை நேரில் நடந்தாலும் சரி, வாட்ஸ்அப், பேஸ்புக் வழியாக நடந்தாலும் சரி, இச்சட்டத்திற்குள் அடங்கும். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பயனாக, இவ்வழக்குகளுக்கென்றே ஒரு தனிக் கோர்ட் 2021 ஜூன் 1-ம் தேதி முதல் ஹேவ்லாக் ஸ்குவேரிலுள்ள அரசு நீதிமன்றங்களில் நடந்து வருகிறது.

இக்கோர்ட் பிறப்பிப்பது பாதுகாப்பு உத்தரவு. “இன்னாருக்கு இன்ன தொல்லை செய்யாதே” என்று எதிராளியைத் தடுப்பதே அதன் வேலை. தெரிந்தே மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மனுச் செய்பவர் காட்ட வேண்டியவை

மூன்று விஷயங்களில் கோர்ட் திருப்தியடைய வேண்டும். முதலாவது, எதிராளி சட்டம் தடுக்கும் செயலைச் செய்தார் என்பது. இரண்டாவது, அது தொடரும் அல்லது மீண்டும் நடக்கும் என்று நம்ப இடமுண்டு என்பது. மூன்றாவது, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் உத்தரவிடுவதே நியாயம் என்பது. ஒருநாள் நடந்த வாய்ச்சண்டை மறுநாளே அடங்கிவிட்டதென்றால், இரண்டாவது விஷயத்தை ருசுப்படுத்துவது கடினம்.

ஆகவே, கொடுக்கல் வாங்கலைக் குறித்து வைப்பது போல் தொல்லையையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதுங்கள். வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். கடைக் கேமராவின் பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடுமானால் உடனே பிரதி எடுங்கள். தமிழிலுள்ள செய்திகளைக் கோர்ட்டில் காட்டுவதானால் அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஆபத்து நெருங்கி நிற்கிறதா? விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். துரிதப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இத்தகைய மனுக்களை 48 முதல் 72 மணி நேரத்திற்குள்ளும், அடிதடி நடந்திருந்தால் அல்லது நடக்குமென்ற அபாயம் இருந்தால் 24 மணி நேரத்திற்குள்ளும் விசாரிப்பது இக்கோர்ட்டின் ஏற்பாடு. ஒருவன் கத்தியோடு வாசலில் நின்றால் மனு எழுத உட்காராதீர்கள். 999-க்குப் போன் செய்து போலீசை அழையுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொல்லை என்பது மனிதருக்கே நேர்வது. ஆகவே பாதுகாப்பு உத்தரவைக் கடையின் பேரில் கேட்க முடியாது. தொல்லைப்பட்ட முதலாளியோ சிப்பந்தியோ தம் பேரில் கேட்க வேண்டும். ஆனால் கடையைப் பற்றி உண்மைக்கு மாறான செய்தியை ஒருவர் பரப்பினால், அதை நிறுத்தவோ திருத்தவோ உத்தரவு கேட்கும் உரிமை 2019 திருத்தத்தால் கம்பெனிகளுக்கும் கிடைத்திருக்கிறது.

நம் பேரில் மனு வந்தால்?

நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு 4,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக் கொள்வோம். ஒழுங்காகக் கடிதம் எழுதிக் கேட்பதில் தவறில்லை. கடன்காரர் வீட்டு வாசலில் நின்று பலர் கேட்கக் கூச்சலிட்டால், அவர் முதலாளியிடம் போய் அவமானப்படுத்தினால், பணம் கேட்கப் போனவரே எதிர்மனுதாரராக நிற்க நேரிடும். அவமானப்படுத்தும் எண்ணத்தோடு ஒருவரின் பெயர், படம், விலாசத்தை இணையத்தில் போடுவதும் 2020 முதல் குற்றம். பாக்கி நியாயமானதாயினும் கேட்கும் முறை நியாயமாயிருக்க வேண்டும். விற்ற சரக்குக்கான பாக்கி 20,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால், இரண்டு வருஷத்திற்குள் சிறு கோரிக்கை மன்றத்தில் மனுச் செய்யலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை ஏற்பார்கள். அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

கோர்ட் காகிதம் கைக்கு வந்துவிட்டால் அதைப் பெட்டியடியில் போட்டுவிடாதீர்கள். குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேளாமலே உத்தரவாகிவிடக்கூடும். மனுச் செய்தவரை நேரில் கண்டு “சமாதானம் பேசலாம்” என்று போகவும் வேண்டாம். அதுவே புதிய தொல்லையாக எழுதப்படலாம். துரித உத்தரவு வந்திருந்தால், அது அநியாயமென்று தோன்றினாலும் கோர்ட் மாற்றும்வரை கீழ்ப்படியுங்கள். உங்கள் நடத்தை அந்தச் சூழ்நிலையில் நியாயமானதே என்று நிரூபிப்பது சட்டம் ஒப்புக்கொள்ளும் எதிர்வாதம். நீங்கள் அனுப்பிய எல்லாச் செய்திகளையும், நல்லது கெட்டது பிரிக்காமல், வக்கீலிடம் காட்டுங்கள். உத்தரவான பின்னரும் அதை மாற்றவோ ரத்துச் செய்யவோ கோர்ட்டை வேண்டலாம்.

வீட்டுக்குள் கொடுமை நடந்தால்

குடும்ப வன்முறைக்கு வேறு வழி உண்டு. 1961-ம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ்க் குடும்ப நீதிமன்றம் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு வழங்குகிறது. முஸ்லிம்களின் தலாக் முதலிய விவகாரங்கள் ஷரீஆ நீதிமன்றத்திற்குப் போவதால், இதுவும் அங்கேதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இந்தப் பாதுகாப்பு முஸ்லிம்களுக்கும் உரியதே; மனுச் செய்ய வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். அடிபட்டு வந்த மகளையோ சகோதரியையோ “பொறுத்துப் போ” என்று திருப்பி அனுப்புவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

உதவி எங்கே?

வக்கீல் இல்லாமலும் தொல்லை மனுவை இணைய வழியாகத் தாக்கல் செய்யலாம். சிவில் விஷயங்களில் வசதி குறைந்த பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உதவ, 1958 முதல் அரசாங்கத்தின் சட்ட உதவிக் கழகம் இயங்குகிறது. வருமானத்தையும் வழக்கின் தகுதியையும் பார்த்தே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இலவச ஆலோசனைக்கு வக்கீல்கள் நடத்தும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் முகாம்களுக்குச் செல்லலாம். வக்கீலின்றி வருவோருக்குச் சமூக நீதி நிலையம் கைகொடுக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்; புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் அவகாசம் கொடுக்க வேண்டுமென்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்தப் பொறுமையோடு சட்ட அறிவும் சேர்ந்தால், நாம் பிறருக்குத் தொல்லையாகவும் மாட்டோம். பிறர் தொல்லைக்கு அஞ்சிக் கடையை மூடவும் மாட்டோம்.